ஒற்றி வீட்டுக்கு ஓடு போட்ட கதை

ஒற்றியில் கிடக்கும் வீட்டுக்கு ஓடு போடுகிற பைத்தியக்காரி என்று அலவத்துகொட முழுக்க என்னைப் பேசிய காலம் ஒன்று உண்டு. அப்படிப் பேசியவர்கள் மேல் எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கடன் தந்தவருக்குத்தான் அந்த ஓடு போய்ச் சேரும் என்று அவர்கள் சொன்னது கடைசியில் பாதி பலித்தும் போனது. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

வீடு என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. மாத்தளை வீதியோரமாக மண் சுவரும் இலுக்குப் புல் கூரையுமாக நின்றது. பின்னால் கராம்பும் மிளகும் உள்ள தோட்டம். கலியாணமாகிக் கொஞ்சக் காலத்தில் என் கணவருக்குக் கண்டியில் ஒரு புடைவைக் கடை போடும் ஆசை வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டார். தேயிலைக்கும் றப்பருக்கும் விலை விழுந்த வருஷங்கள் அவை. பெரிய கடைக்காரர்களே ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் கடை எந்த மூலைக்கு? கடை மூடியது, அதற்கு வாங்கிய கடன் மட்டும் மூடவில்லை.

கடன் தந்தவர் எங்கள் ஊர் ஹாஜியார். வட்டி ஹராம் என்பதால் அவர் ஒரு சதம் வட்டி வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக ஒற்றி. கடனை அடைக்கும்வரை தோட்டத்துக் கராம்பும் மிளகும் அவருக்கு, குடியிருப்பு எங்களுக்கு. தவணைக்குள் முழுப் பணத்தையும் கொடுத்து மீட்காவிட்டால் வீடும் தோட்டமும் அறுதியாக அவருடையது. பத்திரம் எழுதும் கண்டி நொத்தாரிசு உறுதியை வாசித்தபோது நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் வாப்பா நட்ட கராம்பு மரங்களில் அடுத்தவர் வீட்டு ஏணி சாய்வதை வருஷா வருஷம் குசினி யன்னல் வழியே பார்த்தால்தான் அந்த எரிச்சல் என்னவென்று தெரியும்.

கடை போனபின் என் கணவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்றார். போனால் வர இரண்டு கிழமை ஆகும். மனிதர் இளைத்துக் கறுத்து வருவார். ஆனால் மடியில் காசு வரும். பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போக மிஞ்சியதை நான் அலுமாரிக்குள் பூட்டுவேன். அப்படியே போயிருந்தால் தவணை முடிவதற்குள் பாதிக் கடன்கூட அடைந்திருக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த நேரம்தான் எங்கள் ஊர் அரசாங்க மருந்துச்சாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அப்போதிக்கரி மாற்றலாகி வந்தார். மனைவியும் குழந்தையும் கூட. தங்க இடம் தேடி எங்கள் வீட்டையும் பார்க்க வந்தவர், கூரையை அண்ணாந்து பார்த்தார். முதல் நாள் மழையில் ஒழுகிய இடங்களில் சட்டிகள் இன்னும் வைத்தபடி இருந்தன.

"இடம் நல்ல இடம்தான், தங்கச்சி. ஆனால் இந்தக் கூரைக்குக் கீழே பச்சைக் குழந்தையை வச்சிருக்கேலாது. ஓடு போட்டு, முன்னால ரெண்டு அறை இறக்கித் தந்தால் நான் வாறன். அஞ்சாறு மாச வாடகையை முன்கூட்டியே தாறன்."

அவர் போனதும் எனக்குக் காய்ச்சல் வந்தது போல உடம்பெல்லாம் சுட்டது. அரசாங்கச் சம்பளக்காரர், மாதம் தவறாத வாடகை! என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் தாத்தாவிடம், அதுதான் மூத்த சகோதரியிடம், விற்கக் கொடுத்தேன். அவள் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊடு இன்னம் ஒனக்கா, ஹாஜியாருக்கான்டே தெரியா. அதுக்குள்ள ஓடு போடப் போறியா?"

"ஒழுகுற ஊட்ட மீட்டு என்ன செய்ற? ஒழுகாட்டித்தான் மீட்க ஏலும்."

சொல்லும்போது எனக்கே அந்தக் கணக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் தாத்தா சிரித்துவிட்டாள். சங்கிலியோடு தன் காப்பு ஒன்றையும் சேர்த்து விற்றுக்கொண்டு வந்தாள்.

அடுத்து வந்த நாட்களைப் போல ஒரு காலம் என் ஆயுளில் பிறகு வரவில்லை. முற்றத்தில் சுண்ணாம்புக் குழி, மரம் அறுக்கும் சத்தம், மேசன் பாஸுக்கும் தச்ச பாஸுக்கும் ஓயாத சண்டை. இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிச் சமாதானம் செய்வதே எனக்கு ஒரு தனி வேலை. கள்ளிக்கோட்டை ஓடு வண்டியில் வந்து இறங்கிய அன்றைக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கக் கையில் காசில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். வண்டியிலிருந்து முற்றம்வரை வரிசையாக நின்று கைக்குக் கை ஓடு கடத்தினோம். பைத்தியக்காரி என்று என்னைப் பேசியவர்களில் மூன்று பேர் அந்த வரிசையில் நின்றார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. கடைசி ஓடு ஏறியதும் எல்லோருமாக வீட்டுக்குள் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தோம். வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை.

தீபாவளி வியாபாரத்துக்காக அந்த முறை இரண்டு மாதம் தோட்டங்களிலேயே தங்கிவிட்ட என் கணவருக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. புசல்லாவையிலிருந்து மாலைநேர பஸ்ஸில் வந்து இறங்கியவர் எங்கள் வீட்டைத் தாண்டி நேரே நடந்து போய்விட்டார். புது யன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுவரை போய் நின்றார், தலையைச் சொறிந்தார், மூட்டையோடு திரும்பி வந்து வாசலில் நின்று ஓட்டை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்த்தார்.

"இது யார்ட ஊடு?"

"உள்ளுக்கு வாங்க. வாடகை பேசலாம்."

மனிதர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிறு நோகச் சிரித்தார். கடை மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஹாஜியாரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். கடன் தந்தவரிடம் ஈட்டு வீட்டின் அழகைக் காட்டிப் பெருமைப்படுகிற மனிதரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஹாஜியார் ஓட்டைப் பார்த்தார். சீமெந்துத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தார். "மாஷா அல்லாஹ்" என்றார், நிதானமாக, இரண்டு தரம். கடனுக்கு ஈடாக ஒரு புல் வீட்டை எழுதி வாங்கிய மனிதருக்கு இப்போது ஓட்டு வீடு ஒன்று கண்ணுக்கு முன்னால் நின்றது.

அப்போதிக்கரி சொன்ன சொல் தவறவில்லை. முன்பணம் தந்தார், குடும்பத்தோடு குடிவந்தார், மாதா மாதம் வாடகை தந்தார். என் கணவரின் துணி மூட்டையும் நல்ல நாட்களைக் கண்டது. தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது பணம் முழுதாகச் சேர்ந்துவிட்டது! நானும் அவரும் அதைப் பாயில் பரப்பி எண்ணினோம், நம்பாமல் திரும்பவும் எண்ணினோம். மறுநாள் அவர் வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனார்.

ஹாஜியார் வத்தேகம சந்தைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த நாளும் அதே பேச்சு. இவர் வத்தேகமவுக்கே போனார். இப்போதுதான் கண்டிக்குப் போனார் என்றார்கள். கண்டியில் அவருடைய கூட்டாளி கடைக்குப் போனால், அவர் குடித்து வைத்த தேத்தண்ணீர்க் கோப்பை மேசையில் சூடாக இருக்கிறது, ஆளைக் காணோம். கடன் கொடுத்தவன் தேட, வாங்கியவன் ஒளிவதுதான் உலக வழக்கம். எங்களுக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. தவணை நாள் மட்டும் கடந்துவிட்டால் போதும், ஓட்டு வீடு அவர் கைக்கு வந்துவிடும்.

நொத்தாரிசு, வழக்குப் போட்டால் வெல்லலாம் என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்று அவர் சொல்லவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள், எனக்கு அந்தத் தாழியைத் தூக்கி ஹாஜியார் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு இரவு சோறு போடும்போது சட்டென்று யோசனை வந்தது.

"புது ஊட்டுக்கு மௌலூது ஓதணும். தவணை முடியிற அண்டைக்கே ஓதுவோம். ஊரெல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க."

"சல்லிய வாங்க ஒளியிற மனிசன் சோறு தின்ன வருவாரா?"

"வராம ஈக்க அவரால ஏலாது."

எனக்குத் தெரியும். எங்கள் விருந்தில் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குப் பெயர் சஹன். ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் முதல் ஆள், ஊரில் நபி புகழ் ஓதி விருந்து வைக்கும் எந்த மௌலூதிலும் முதல் சஹனில் முதல் கை அவருடையது. பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பையே நேரில் போய் அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அதோடு சஹன் வைத்த இடத்தில் கடன் பேச்சு எடுக்கக்கூடாது என்பது எங்கள் மரியாதை. அந்தத் தைரியத்தில் வருவார் என்று நினைத்தேன். வந்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ஓதி முடித்தார்கள். வீட்டுச் சாலைக் கூடம் நிறைய ஆட்கள். நொத்தாரிசும் விருந்தாளியாக வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றியாயிற்று. கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரும் குசினிப் பக்கம் பார்த்தார்கள். நெய்ச்சோற்று வாசம் தெருவரை போயிருந்தது. சஹன்களை எடுக்கப் போன பெண்களை நான் வழிமறித்தேன்.

"ஒரு சஹனும் வெளிய போகப்படா. எடுங்கண்டு நான் செல்லும் வரைக்கும்."

என் கணவர் எழுந்துபோய்ப் பணப் பொதியை ஹாஜியார் முன்னால் பாயில் வைத்தார். "ஒற்றிச் சல்லி. முழுசா ஈக்கிது" என்றார்.

ஹாஜியார் புன்னகைத்தார்.

"கைய கழுவிட்டேனே. இப்ப எப்பிடிச் சல்லிய தொடுற?"

அதுவரைக்கும் நான் ஆண்கள் கூட்டத்தில் வாய் திறந்தவளில்லை. என்னையறியாமல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மறுகாவும் கழுவலாம். கெணத்துல தண்ணி நெறய ஈக்கிது."

யாரோ சிரித்து அடக்கினார்கள். ஹாஜியாரின் புன்னகை போய்விட்டது.

"சோறு வைக்கிற எடத்துல கடன் பேசுறது அழகில்ல, புள்ள."

"சோறு இன்னம் வைக்கல்லயே."

"உறுதி என்ட ஊட்டுல, பெட்டிக்குள்ள ஈக்கிது. நாளைக்கிப் பார்க்கலாம்."

நாளைக்கு! அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "ஒங்கட ஊடு கூப்பிடு தூரத்துல. எடுத்துட்டு வரும் வரைக்கும் எல்லாரும் இருப்பாங்க. சஹன மூடித்தான் வச்சீக்கிறேன்."

அவர் மட்டும் அப்போது எழுந்து போயிருந்தால் என் வீடும் போயிருக்கும், ஊரைக் கூட்டிப் பட்டினி போட்டவள் என்ற பெயரும் சேர்ந்து வந்திருக்கும். தாத்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை இடுக்கால் பார்த்தேன். கழுவிய கைகளைத் தூக்கி வைத்தபடி ஊர் முழுக்க ஹாஜியாரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் இருமினார். பின்வரிசையில் ஒருவர் "சோறு ஆறுது" என்று யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னார்.

கடைசியில் எழுந்தது ஹாஜியாரின் சொந்த மருமகன். "மாமா, சாவியத் தாங்க. நான் ஓடிப் போய் எடுத்துட்டு வாரேன்."

ஹாஜியார் மருமகனைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் சாவியை எடுத்துக் கொடுத்தார். உறுதி வந்தது. பணத்தை எண்ணினார், கணக்கு சரி என்றார். நொத்தாரிசு எழுதியதில் கையெழுத்துப் போட்டார். நான் திரும்பி "எடுங்க!" என்று கத்தியதில் குசினியில் ஒரு பிள்ளை பயந்து அழுதது. சஹன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின.

ஹாஜியார் நன்றாகச் சாப்பிட்டார், அதை மறைத்துப் பேசக்கூடாது. இரண்டு தரம் இறைச்சி கேட்டு வாங்கினார். கை கழுவ எழுந்தபோது திரைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"புள்ள, ஒன்ட ஊட்டுச் சோத்துக்கு உப்புக் கொஞ்சம் கூட."

நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். தாத்தா பயந்துபோய் என் தோளை உலுக்கினாள்.

"இப்ப என்னத்துக்கு அழுற? உப்புக் கூடினதுக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஒன்ட ஊடுண்டு அவர் வாயாலயே செல்லிட்டாரு" என்றேன்.