வீட்டுக்குள் ஷூ

எனக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "உசுரு தப்பிச்சுதே, அதுவே போதும்." எனக்குப் போதவில்லை. ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் கணவரைக் கூப்பிட வேண்டும். அவர் வயலில் இருந்தால் வரும்வரை அடக்க வேண்டும். அடக்க முடியாமல் மெத்தையை நனைத்த பகல்கள் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்தவள் நான். ஈரத்தில் கிடந்தபடி, செத்தே போயிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கைத்தடி இருந்தால் நிற்க முடிந்தது. தொடைக்கும் ஓரளவு பலம் வந்திருந்தது. ஆனால் பாதம் தொங்கியது. காலைத் தூக்கினாலும் விரல் நுனி தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். குப்புற விழ ஒரு கால்மிதி போதும். என் கணவர் தினமும் காலையில் தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவார். கால் பளபளவென்று ஆனது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

தஞ்சாவூரில் பிசியோதெரபிக்குப் போகிற இடத்தில்தான் காலில் ஒரு கரன்ட் கருவியைக் கட்டினார்கள். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து காரில் போவோம். குறுவை அறுப்புக் காலம். பாதி ரோட்டை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். வண்டி ஊர ஊர, அங்கே போய்ச் சேரும்வரை தாங்குமா என்பதுதான் என் கவலை.

பிசியோதெரபி பார்க்கிற பெண் முதலில் என் காலைத் துடைத்தாள். "தைலம் இருந்தா பேட் ஒட்டாது சார், கரன்ட்டும் சரியா போகாது. இங்க வர்ற அன்னைக்குத் தேய்க்காதீங்க" என்று கணவரிடம் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பட்டைகளை ஒட்டினாள். பயிற்சிக்கென்று வாங்கிய ஷூவுக்குள் குதிகால் படுகிற இடத்தில் தட்டையாக ஒரு சுவிட்சை வைத்தாள். குதிகால் தரையை விட்டதும் கரன்ட் பாயும், பாதம் மேலே தூக்கும் என்றாள். கட்டெறும்புக் கூட்டம் ஏறுவது போல இருந்தது. ஆனால் தூக்கியது! என் பாதம்தான், என்னைக் கேட்காமலே தூக்கியது. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். தரையைத் தேய்க்கிற அந்தச் சத்தமே இல்லை.

"கழட்டினாலும் இப்படியே இருக்குமா?"

"சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா தேறும்மா. உங்களுக்கு எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. கட்டியிருக்கும்போது நடக்கலாம்."

வீட்டில் நடந்து பழகச் சொல்லி, கருவியைக் கொடுத்தனுப்பினார்கள்.

வாசலில் கார் நின்றதும் கணவர் குனிந்து என் ஷூவைக் கழற்றி, படி ஓரமாக வைத்தார். எனக்கும் உறைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதை யோசித்தா செய்கிறோம்? கூடத்தில் வீராப்பாகக் காலை எடுத்துவைத்தேன். விரல் நுனி தரையில் மாட்டியது. அவர் பிடிப்பதற்குள் விழுந்தேன்.

"மிஷின் அவ்வளவுதான் போலருக்கு" என்றார்.

போன் செய்தபோது அந்தப் பெண் ஒன்றைத்தான் கேட்டாள். "ஷூ எங்கம்மா?"

சுவிட்ச் வாசலில் கிடக்கிற ஷூவுக்குள் இருந்தது. சிரிக்க ஆரம்பித்தேன், அது அழுகையில் போய் முடிந்தது. வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றாள். கணவர் முகம் சுருங்கிப்போனது. "சாமி மாடத்தைத் தாண்டித்தானே கொல்லைக்குப் போகணும்? அது எப்படி?" என்றார். முகம் சுளிக்காமல் என்னைக் கழுவிவிடுகிற மனுஷன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சொல்லப்போனால் எனக்கும் கூசியது. ஷூ வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் அவர் வயலில் மடை மாற்றப் போயிருந்தார். கூப்பிட்டேன், கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது மெத்தை நனைந்திருந்தது. வழக்கம்போலத் துணியும் தண்ணீருமாக வந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆங்காரம் பொங்கியது.

"உங்க சாமிக்கு நான் ஷூ போட்டுக்கிட்டுப் போறது ஆகாது. மெத்தையில போறது ஆகுமா?"

அவர் என்னைத் துடைத்து, சேலை மாற்றிவிட்டு வாசலுக்குப் போனார். ஷூவின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சாமி மாடத்தின் திரையை இழுத்து மூடினார். பிறகு என் காலடியில் உட்கார்ந்து பட்டையை ஒட்டி, ஷூவை மாட்டிவிட்டார்.

கைத்தடியோடு நடந்தேன். கூடம், மாடம், சமையல்கட்டு. எறும்புகள் ஏறின, பாதம் தூக்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். கழிப்பறை வந்ததும், எப்போதும்போல என்னோடு உள்ளே நுழையப் பார்த்தார். அவர் கையை விலக்கிவிட்டு நான் மட்டும் நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"தாப்பா போடாத! விழுந்துட்டா நான் எப்படி உள்ள வர்றது?"

"விழுந்தா விழறேன். நீங்க அந்தாண்ட போங்க."

அவர் போகவில்லை என்று தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்டால் கேட்கட்டும் என்று, வாய்விட்டு அழுதேன். அத்தனை மாதங்களில் அன்றுதான், நானே கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக இருந்தேன்.