யார் அந்தப் பாமினி மிஸ்?

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிண்டரில் தாள் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வைஃபை வராவிட்டால் என்னைத்தான் திட்டுவார்கள். பார்வையற்ற மாணவர்களின் மடிக்கணினிகளைக் கவனிப்பதும் என் பொறுப்பு. அந்த வேலைக்கு மட்டும் நான் முணுமுணுப்பதில்லை. காரணம் ஒரு பெண்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் நாலு பேருக்குப் போதும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அவள் ஓடவிடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. "மிஸ், உங்களுக்குக் காது மந்தமா?" என்று கேட்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

போன பரீட்சையில் வினாத்தாளை வாசித்துச் சொல்ல அவளுக்குப் பக்கத்தில் ஒருவரை இருத்தினார்கள். அவர் ஒரு வினாவில் பாதியை விழுங்கிவிட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னபோது பெருமூச்சு விட்டாராம். அதற்கு மேல் கேட்க இவளுக்குக் கூச்சம். நன்றாகத் தெரிந்த பாடத்தில் கோட்டை விட்டாள்.

"அடுத்த சோதனைக்கு நானே வாசிக்கோணும் மிஸ்" என்று என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வினாத்தாளைக் கணினியில் கொடுக்க நிர்வாகம் சம்மதித்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பாட விரிவுரையாளர் எதையும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வார். கண்ணுக்கு அது அழகான தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவர் 'அம்மா' என்று அடித்திருப்பதை மென்பொருள் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று வாசிக்கும். பாடக்குறிப்புகளை அவள் என்னிடம் கொண்டுவருவாள். "திரும்பவும் பாமினியின்ர வேலை" என்று புறுபுறுத்துக்கொண்டே மென்பொருள் தமிழாகவே வாசிக்கும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பேன். ஆனால் வினாத்தாளை நான் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. அதை அவரேதான் யூனிகோடில் அடிக்க வேண்டும்.

"இது பாமினியிலயே ஊறின கை, தங்கச்சி. இனிப் பழக ஏலாது" என்றார் அவர், நான் போய்க் கேட்டபோது. நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, "எல்லாக் கரைச்சலுக்கும் இந்தப் பாமினிதான் காரணம்" என்று அவள் முன்னாலேயே கத்தினேன்.

அவள் எழுந்து நேரே அவருடைய அறைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"சேர், உங்கட பாமினி மிஸ்ஸ ஒருக்காக் கூப்பிடுங்க. நானே கதைக்கிறன். டைப் பண்ண அவக்கு அலுப்பெண்டா, நான் பக்கத்தில இருந்து உதவி செய்றன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாமினி மனுஷி அல்ல, எழுத்துரு என்று அவளுக்கு விளக்கினேன்.

"அல்லாஹ்! அப்ப இல்லாத பொம்புளையையா இவ்வளவு நாளும் ஏசித் திரிஞ்சன்?"

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க அடிச்ச பாடம்தான் சேர். கேட்டுப் பாருங்க."

அவர் போட்டுக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறியது.

"இதுவோ பிள்ளை உங்களுக்குக் கேக்கிறது?"

"ஓம் சேர்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த யூனிகோடை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ, தங்கச்சி" என்றார் என்னிடம். அதன்பிறகு அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம், அவர் ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோலத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பரீட்சையன்று அவளுக்குக் கணினியை ஆயத்தம் செய்து கொடுத்துவிட்டு வெளியே விறாந்தையில் நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

முடிந்து வந்தவள் முதலில் உம்மாவுக்குப் போன் எடுத்தாள். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"இண்டைக்கு ஆரு வாசிச்சுத் தந்த, மகள்?" என்று உம்மா கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல உம்மா. நாந்தான் வாசிச்சன்."

"இன்னொருக்காச் சொல்லு மகள்" என்றார் உம்மா.