மாட்டுக்கு வந்த ஒற்றைக் கோடு

உத்திரமேரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. கர்ப்பமா இல்லையா என்று கார்டு போட்டுச் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு. ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டால் மேலே தெளிந்து நிற்கும் நீரில் சில சொட்டு, ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். இரண்டு கோடு வந்தால் பிள்ளை, ஒரு கோடு என்றால் இல்லை. இதில் என்ன பெரிய வித்தை? ஆனால் இரண்டாவது கோட்டைப் பார்த்து அழுதவர்களும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் சேர்ந்து எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள்.

மானாம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, காலில் புண். நானே போய் ரத்தம் எடுத்து வருவேன். ஒருநாள் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாப்பா, எங்க மாட்டுக்கும் அந்த கார்ட போட்டு பாத்து சொல்லேன். மூணு தபா சென ஊசி போட்டாச்சி. செனயா கீதா இல்லியான்னு தெரில. இல்லன்னா வித்துடணும்னு இவரு ஒரே புடியா புடிச்சிக்கினு கீறாரு."

ஊசி போடுகிறவர் இன்னும் ஒரு மாசம் போகட்டும், உள்ளே கைவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். அதுவரை பொறுக்க வீட்டுக்காரருக்கு மனசில்லை. கன்றிலிருந்து அந்த அக்கா வளர்த்த மாடு அது. அவள் குரல் கேட்டாலே தலையைத் திருப்பும்.

தெரியாது என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. "அதுக்கு இன்னாக்கா, ரத்தம் எல்லாத்துக்கும் ரத்தம்தான்" என்றேன். அவள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வால் நரம்பில் எடுத்தேன். கால்நடை டாக்டர் எடுப்பதைப் பார்த்திருக்கிறேனே!

கார்டில் ஒரு கோடுதான் வந்தது. போனில் சொன்னேன்.

"நல்லா பாத்தியா பாப்பா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கார்டு பொய் சொல்லாதுக்கா" என்று வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டு ஆடு நிறைமாசமாக நின்றது. மடி இறங்கிவிட்டது, வயிற்றில் கை வைத்தால் குட்டி உதைத்தது. விளையாட்டாகத்தான் அதன் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப்போய்க் கார்டில் விட்டேன். ஒரு கோடு.

கார்டு கெட்டுப்போச்சு என்று திட்டிக்கொண்டே, காலையில் வந்த ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தை அதே பெட்டிக் கார்டில் விட்டேன். பளிச்சென்று இரண்டு கோடு. திரும்பவும் ஆடு. திரும்பவும் ஒரு கோடு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே குட்டி உதைக்கிறது, கார்டு இல்லை என்கிறது!

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் சிரித்தார். மாட்டு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க கார்டு பாக்குற ஹார்மோன் மனுஷங்களுக்கும் கொரங்குக்கும்தாம்மா. குதிரைக்கு வேற ஒண்ணு. மாடு, ஆடுன்னா ரத்தத்துல பாக்கவேண்டியதே வேற. உங்க கார்டுல எந்த மாட்டுக்கும் ஒரு கோடுதான் வரும். எவ்ளோ நாள் ஆச்சு நீங்க சொல்லி?"

பத்து நாள் என்று சொல்லிப் போனை வைத்தேன். லேபை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மாடு இருக்கணும், மாடு இருக்கணும் என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கொட்டகையில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. பக்கத்தில் தின்னாத வைக்கோல்.

"நீ போன் பண்ண மறுநாளே அடிமாட்டு வண்டி வந்துட்ச்சி" என்றாள் அக்கா. "ஏறவே மாட்டேன்னுட்ச்சி. நான்தான் தட்டிக்குடுத்து ஏத்தி உட்டேன்."

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. சொல்லிவிட்டேன். என் கார்டுக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று.

"அப்போ செனயா இருந்துச்சா?"

"தெரிலக்கா. இனிமே தெரியவும் தெரியாது."

அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முளைக்குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், ஒன்றும் தெரியாமல், "ரத்தம் எடுக்கிற பொண்ணா? வரச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். போனேன். வழக்கம்போல் கையை நீட்டினார்.

ஊசியை எடுக்கும்போது அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"இதாவது சரியா வருமா, பாப்பா?"

வரும் என்றேன். சொல்லிவிட்டு, டியூபில் எழுதியிருந்த அவர் பெயரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.