வாங்கிச் சொல்வது

வெங்கடகிருஷ்ணன் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவர். ஆய்வுக்குச் சேர்ந்து பாதியில் விட்டார். இப்போது பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளில் பிழை தேடும் வேலை. ஞாயிறு காலைகளில் அடுகோடியில் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடி விவாதிப்பார்கள். எந்தப் புத்தகத்தையும் சாட்சிக்கு இழுக்கக்கூடாது. ஒருவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் ‘ஆமா, அதான்’ என்ற பிறகே மேற்கொண்டு பேச்சு. வாங்கிச் சொல்வது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அதில் வெங்கடகிருஷ்ணனை மிஞ்ச ஆளில்லை. தட்டுத்தடுமாறிப் பேசியவர்கள், தாங்கள் இத்தனை தெளிவாகவா யோசித்தோம் என்று வியப்பார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

முதல் நாளிலிருந்து வருகிறவர் கேசவ். ஓசூர் ரோட்டை ஒட்டிய சந்தில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். இருவரும் டீக்கடையில் சளைக்காமல் வாதாடியதில்தான் இந்த வட்டமே பிறந்தது. பெங்களூரில் வெங்கடகிருஷ்ணனுக்கு நண்பன் என்று சொல்ல வேறு யாருமில்லை.

ஒரு ஞாயிறு பேச்சு பொய்யைப் பற்றித் திரும்பியது. தன் அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைக் கடைசிவரை அவளிடம் மறைத்ததைக் கேசவ் விட்டுவிட்டுச் சொன்னார். வெங்கடகிருஷ்ணன் வாங்கிச் சொன்னார்.

“அம்மா பயப்படுவாங்கன்னு கேசவ் மறைக்கல. தன் பயத்தையே அவங்க பயம்னு நெனச்சுட்டார்.”

வங்கியில் வேலை பார்க்கும் மமதா, பிரமாதம் என்பதுபோல் தலையாட்டினார். கேசவ் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ஆமா, அதான்” என்றார்.

அதன்பின் அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறும் அப்படியே போனதும் வெங்கடகிருஷ்ணன் கடைக்குப் போனார்.

“வாப்பா தத்துவம். கண்ணாடி ஏதாச்சும் ஒடஞ்சுச்சா?” என்றார் கேசவ், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று இவர் கேட்டார்.

“நல்லா சொன்ன. எல்லாரும் உன்னையே பாத்தாங்க. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அது இல்லப்பா.” கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். “அம்மாவுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம். அது ஒரு நிம்மதியா இருந்துச்சு. அதப் போயி பொய்யின்னு சொல்றதா?”

வெங்கடகிருஷ்ணனுக்கு உடனே ஒரு வாக்கியம் வந்தது. கச்சிதமான வாக்கியம். அதை விழுங்கிக்கொண்டார்.

“எனக்குத் தெரியல, கேசவ்.”

“அப்படி வா வழிக்கு.” கேசவ் டீ சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை இதையே கேட்பதாகவும், ஆனால் வெங்கடகிருஷ்ணன் பக்கத்தில் உட்காரப்போவதில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறன்று சொன்னபடியே வந்து, மமதா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் மமதா வாங்கிச் சொன்னது தவறாக இருந்தது. இல்லை என்று சொல்லி, அம்மா கடைசி மாதத்தில் புதுச் செருப்பு வாங்கித் தரச் சொன்னதைக் கேசவ் சொன்னார். மமதா மறுபடி முயன்றார். அதுவும் இல்லை என்றார் கேசவ். மறுப்பேதும் சொல்லாமல் தானே போய்ச் செருப்பை வாங்கி வந்தாராம். அம்மா அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து பார்த்தாளாம்.

எதிரில் இருந்த வெங்கடகிருஷ்ணன், மமதா சொல்லப்போவதைக் கேட்க முன்னால் சாய்ந்தார். மமதா மூன்றாவது முறையாகத் தொடங்கினார்.