பதினான்கு பொனற்றுகள்

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்: என் மகன் நிமலன், வயது 43, மொன்றியலில் தான் வேலை செய்த களஞ்சியத்தில் முற்பகல் 10.40 அளவில் மாரடைப்பால் இறந்தான்.
ஓகஸ்ட் 23, சனி: மொன்றியலை அடுத்த லவாலில் அடக்கம். எனக்கு விசா கிடைத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கைபேசித் திரையில் பார்த்தேன்.
செப்டெம்பர் 25, வியாழன்: விசா கிடைத்தது.
ஒக்டோபர் 2, வியாழன்: கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து புறப்பாடு.
ஒக்டோபர் 3, வெள்ளி: பிற்பகல் 3.10க்கு மொன்றியல். வெப்பநிலை பதினாறு பாகை.

கல்லறைக்குச் சென்றதையும் பூசை ஒப்புக்கொடுத்ததையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, மொன்றியல் தீவின் மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில், ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் நிகழ்ந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்நிய ஊருக்குப் போகிறவன் அவ்வூர் வழக்கத்தைப் பிழையாக விளங்கிக்கொள்வது இயல்பு. நான் பிழையாக விளங்கிக்கொண்டதும் அத்தகையதுதான். ஆயினும் அதை இன்னும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

என்னை அழைத்துச் சென்றவள் என் தங்கையின் மகள் ஜெசிந்தா. லவாலில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்கிறாள். மணமாகாத நிமலனுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே உறவு அவள். அவன் விட்டுச்சென்ற காரும் அவள் வீட்டு வாசலில்தான் நின்றது. கரும்பச்சை நிறம், அகன்ற முகம், நாய் பாயுமுன் பதுங்குவது போன்ற தோரணை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பேரிரைச்சலுக்கும் வேகத்துக்கும் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கக் காரின் பெயர் அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயரைத் தயாரிப்பாளர் மீண்டும் எடுத்து, எஞ்சின் இல்லாத மின்சாரக் கார் ஒன்றுக்குச் சூட்டியிருந்தார். பெயரை இங்கே எழுதவில்லை. பின்னால் சொல்லப்போகும் தகராறு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நிமலன் ஞாயிறுதோறும் எனக்குத் தொலைபேசி எடுப்பான். குளிரில்லாத மாதங்களில், பழைய கார்ப் பிரியர்கள் கூடும் அந்தத் தரிப்பிடத்திலிருந்தே எடுப்பான். "இண்டைக்கும் நல்ல விவாதம் அப்பா. குகன் அண்ணை உங்களைச் சுகம் கேட்டவர்" என்பான். குகன் என்பவரை நான் கண்டதில்லை. என் மகனுக்கு அங்கே துணையாக இருந்தவர்கள் என்ற அளவில் அவர்களை மதித்திருந்தேன். எனவே பத்து வரியில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி எடுத்துவந்தேன். காரைக் குகனிடமே கொடுத்துவிடுவது என்றும் விமானத்தில் தீர்மானித்திருந்தேன்.

காலை 9.20க்கு ஜெசிந்தா காரை எடுத்தாள். பதின்மூன்றாம் இலக்க நெடுஞ்சாலை, ஆற்றுப்பாலம், பின்னர் நாற்பதாம் இலக்கத்தில் மேற்கு நோக்கி. வழிநெடுக மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. சில்லுகள் உருளும் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கு மாமா," என்றாள் ஜெசிந்தா. "அமத்தினா ஸ்பீக்கரால பழைய கார் மாதிரி உறுமும். அத்தான் ஒருக்காலும் அமத்தினதில்லை."

31 கிலோமீற்றர். 9.50க்குத் தரிப்பிடத்தினுள் திரும்பினோம்.

பதினான்கு கார்கள் ஒரே வரிசையில் நின்றன. அத்தனையினதும் பொனற்றுகள், எஞ்சினை மூடும் முன்மூடிகள், திறந்திருந்தன. எங்கள் கார் நுழைவாயிலைக் கடந்ததும் வரிசையின் முதல் ஆள் நிமிர்ந்து பார்த்தார். உடனே தன் பொனற்றை இறக்கி மூடினார். அடுத்தவரும் மூடினார். பின்னர் அடுத்தவர். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. நாங்கள் அந்த வரிசையைக் கடப்பதற்குள் பதினான்கும் மூடப்பட்டுவிட்டன.

எங்கள் ஊரில் பிரேதம் போகும்போது வீதியோரக் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார். அதே பண்பு இங்கே இந்த வடிவம் பெற்றிருக்கிறது என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"நல்ல பிள்ளையள்," என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் கண்களைத் துடைத்தாள்.

காரை நிறுத்தியதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க, கட்டுமஸ்தான மனிதர் ஒருவர் வேகமாக வந்தார். வெயில் கண்ணாடியில் பட்டு மின்னியதால் உள்ளே இருப்பது யாரென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"நிமல், உனக்கு வெக்கம் எண்டு ஒண்டு இல்லையோ? ரெண்டு மாசம் வராமல் இருந்தாய், நாங்களும் நிம்மதியா இருந்தம். பேந்தும் இந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வாறியே."

ஜெசிந்தா கண்ணாடியை இறக்கினாள். "நிமலத்தான் வரேல்லை. நான் மச்சாள். இவர் அவரின்ர அப்பா."

"நிமல் எங்க?"

நான் பதில் சொன்னேன். "நிமலன் ஓகஸ்ட் பத்தொன்பதாந் திகதி தவறிட்டான், தம்பி."

அவர் காரின் கூரையில் கை வைத்திருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது.

"எந்த நிமலன்?" என்று கேட்டார்.

அவர்தான் குகன். திருகோணமலையில் பிறந்தவர், இங்கே முப்பது ஆண்டுகள். நிமலனின் மரண அறிவித்தல் அன்ரன் செபநேசன் என்ற ஞானஸ்நானப் பெயரில், அவனது இருபத்தைந்து வயதுப் படத்தோடு வெளிவந்திருந்தது. அதைத் தானும் பார்த்ததாகவும், யாரோ ஒருவர் என்று கடந்துவிட்டதாகவும் குகன் பின்னர் சொன்னார். ஜெசிந்தாவுக்கோ இவர்களின் தொலைபேசி இலக்கங்கள் தெரியாது; நிமலனின் கைபேசி பூட்டியே கிடந்தது. நாற்பத்தேழு நாட்கள் இவர்களுக்கு அவன் உயிரோடிருந்திருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு சாவு ஒரு மணித்தியாலத்தில் சந்திக்குச் சந்தி பதாகையாகிவிடும். இங்கே அது முப்பத்தொரு கிலோமீற்றர் வரவில்லை.

மடிப்புக் கதிரை ஒன்று கொண்டுவந்து என்னை இருத்தினார்கள். ஏழெட்டுப் பேர் சூழ நின்றார்கள். நன்றி சொல்லவேண்டிய தருணம் என்று எண்ணினேன்.

"நாங்கள் வரேக்க நீங்கள் எல்லாரும் பொனற்றை மூடி மரியாதை செய்தனீங்கள். அதுக்கு முதல் நன்றி."

றொபி என்ற மெலிந்த மனிதர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவர்கள் மரணத்தை அறிந்திருக்கவில்லை; அறியாதவர்கள் எப்படி மரியாதை செய்திருப்பார்கள் என்ற எளிய தருக்கம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தோராண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவனுக்கு அது முன்னரே உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப ஏன் மூடினனீங்கள்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

குகன் நேராகவே சொன்னார். "இஞ்ச ஒரு பழக்கம் தங்கச்சி. பொனற் திறந்திருந்தா, வந்து பார், கேள், எவ்வளவு நேரமும் கதை எண்டு அர்த்தம். மூடினா கதைக்க விருப்பமில்லை."

"ஒருத்தரைக் கண்டு எல்லாரும் மூடினா?"

"அவர் வேற இடம் பாக்கவேணும்."

பின்னர் அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி எல்லாவற்றையும் சொன்னார்கள். தயாரிப்பாளர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை நிறுத்தினார். அதன் பெயரை மின்சாரக் காருக்குக் கொடுத்து, சத்தத்துக்கு ஸ்பீக்கர் வைத்தார். அது விலைப்படாமல் போகவே பெற்றோல் எஞ்சினை, இம்முறை ஆறு சிலிண்டரோடு, மறுபடி கொண்டுவந்தார். நிமலன் மின்சாரக் காரைக் கடந்த மார்கழியில் வாங்கினான். குளிர் முடிந்து மே மாதம் கூட்டம் தொடங்கியபோது அதை இங்கே கொண்டுவந்து பொனற்றைத் திறந்தான்.

"உள்ள ஒண்டுமில்லை ஐயா," என்றார் றொபி. "ஒரு சூட்கேஸ் வைக்கிற பெட்டி. நான் கேட்டன், மச்சான், எஞ்சினை ஆரும் களவெடுத்திட்டாங்களோ, பொலிசுக்குச் சொன்னியோ எண்டு. அவனும் சிரிச்சவன்."

"முதல் சிரிச்சவன்," என்றார் குகன். "நான் கொம்பனியைத்தான் திட்டினன். ஐம்பது வருசமா நாங்கள் காப்பாத்தின பேர். ஒரு வார்த்தை கேக்காமல் அதைத் தூக்கி ஒரு பற்றரிக்கு ஒட்டுறான். விக்கேல்லை எண்டவுடன அய்யோ பிழைவிட்டிட்டம் எண்டு எஞ்சினோட ஓடிவாறான். இவனை நம்பேலுமோ?"

லுக் என்ற கியூபெக்காரர், எழுபது வயதிருக்கும், ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: கார் வந்த நாளில் குதிரைக்காரனும் இப்படித்தான் திட்டினான்; குதிரை செத்தபின் அதன் பெயரைப் புதியதற்கு வைத்தால் என்ன?

"நீர் சும்மா இரும் லுக். உம்மட கார் போன கிழமையும் இழுவை வண்டியிலதானே வீட்ட போனது," என்று றொபியும் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டொருவர் சிரித்து, என்னைக் கண்டு நிறுத்தினார்கள்.

"சிரியுங்கோ," என்றேன். "நிமலன் என்ன சொன்னவன்?"

குகன் சொன்னார். "ஸ்பீக்கர் சத்தம் பொய், அதாலதான் தான் போடுறேல்லை எண்டான். அது எனக்கும் சம்மதம். பிறகு எங்கட சத்தத்தையும் பிழை எண்டான். எங்கட போன் குறூப்பில எழுதினான்: எஞ்சின் சத்தம் சில்லுக்குப் போய்ச் சேராத சக்தி, அதைக் கேட்டுச் சந்தோசப்படுறவன் நட்டத்தைக் கேட்டுச் சந்தோசப்படுறான். எங்கட அப்பா பௌதிக மாஸ்டர், அவர் சொன்னது எண்டு."

அந்த வாக்கியம் என்னுடையது. சித்திரை மாத ஞாயிறொன்றில், அவன் கார்களைப் பற்றி நீளப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சை முடித்துவைப்பதற்காகச் சொன்னது. சொல்லழகில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

"மன்னிப்புக் கேள் எண்டன்," என்றார் குகன். "அப்பா சொன்னது பிழை எண்டு நிரூபி, கேக்கிறன் எண்டான். ஆனி மாசக் கடைசியில குறூப்பால எடுத்திட்டம். அதுக்குப் பிறகும் மூண்டு ஞாயிறு வந்தவன்."

"வந்து?"

"அந்தா, அந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழ நிப்பாட்டி, பொனற்றைத் திறந்துவச்சுக்கொண்டு நிண்டவன். மத்தியானம் வரை."

"ஆரும் போனனீங்களோ?"

"இல்லை ஐயா."

அந்த மூன்று ஞாயிறுகளிலும் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். நல்ல விவாதம் என்றான். குகன் அண்ணை சுகம் கேட்டவர் என்றான். பின்னணியில் எஞ்சின் ஒலி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இவர்களுடையதாக இருக்கவேண்டும், முப்பது மீற்றர் தொலைவிலிருந்து.

ஜெசிந்தா தண்ணீர் தந்தாள்; குடித்தேன். நன்றிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கொடுப்பது பொய்யாகும். கொடுக்காமல் திரும்பிவிட்டால், அவனை இந்த இடத்தில் இரண்டாம் முறை தனியே நிற்கவிட்டவனாவேன் என்றும் தோன்றியது.

"பிள்ளை, காரை அந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழ விடு."

"வேண்டாம் மாமா. வீட்ட போவம்."

"விடு."

விட்டாள். பொனற்றைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. அவள் திறந்து தந்தாள். றொபி சொன்ன பெட்டிக்குள் ஒரு பெரிய பிளாஸ்க்கும், தேயிலைப் பைக்கற்றும், இருபது கடதாசிக் கோப்பைகள் அடங்கிய பொதியும் இருந்தன. பொதி பிரிக்கப்பட்டிருக்கவில்லை. பக்கத்தில் நின்றேன்.

முதலில் வந்தவர் லுக். குனிந்து உள்ளே பார்த்தார், கோப்பைகளையும் பார்த்தார். பிறகு, காருக்குரியவனிடம் கேட்பதுபோலவே என்னிடம் கேட்டார்: கடுங்குளிரில், ஒருமுறை மின்னேற்றினால், எவ்வளவு தூரம் ஓடும்?

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

குகன் பின்னால் வந்து நின்றார். "ஐயா, ஒண்டு சொல்லவேணும். அவன் இல்லை எண்டதுக்காக நான் இதை அந்தக் கார் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டன்."

"ஒத்துக்கொள்ள வேண்டாம்," என்றேன். "ஆனா அந்த வாக்கியம் அவனுடையதில்லை, என்னுடையது. உங்கட கார்ச் சத்தத்தை நான் கேட்டதுமில்லை, கேக்காமலே சொன்னனான். இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ."

அவர் போய், தன் பொனற்றைத் திறந்துவிட்டு, எஞ்சினை இயக்கினார். ஒலி காதுக்கு முன் மார்புக்கு வந்தது. சக்தி சில்லுக்குப் போய்ச் சேரவில்லை என்பது இப்போதும் சரியே. எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நான் ஆராய்ந்திருக்கவில்லை.

சற்றைக்குள் மற்றப் பொனற்றுகளும் திறந்தன. றொபியினுடையது மட்டும் மூடியே இருந்தது. அவர் வண்டிக்குள் தலைகுனிந்து அமர்ந்திருந்ததைக் கண்டேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி. இதை விமான நிலையத்தில் எழுதி முடிக்கிறேன். கோப்பி மூன்று டொலர் பத்துச் சதம், ஆறிவிட்டது. வீட்டில் ஞாயிறுதோறும் அவன் அழைக்கும் நேரத்துக்குத் தொலைபேசியருகே உட்காரும் பழக்கம் எனக்கு இருக்கிறது. அதைப் பற்றி இனித்தான் யோசிக்க வேண்டும்.

செய்யாமல் விட்டவை:

காரைப் பெயர் மாற்றும் பத்திரம்: நிரப்பவில்லை. குகன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நன்றிக் கடிதம்: பையில் இருக்கிறது. 'நிமலனின் நண்பர்களுக்கு' என்ற முதல் வரியை வெட்டவில்லை.

கல்லறைக் கல்லுக்கான வாசகம்: எழுதவில்லை.

லுக்கின் கேள்வி: பதில் அனுப்பவில்லை. தை மாதத்தில் நிமலன் அந்தத் தூரத்தை எனக்குத் தொலைபேசியில் சொன்னான். எத்தனை கிலோமீற்றர் என்று நான் கவனிக்கவில்லை.