அத்தை கொண்டுவந்த கேக் தாள்

சிதம்பரத்திலிருந்து அத்தை வருகிறாள் என்றாலே அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அத்தை அப்பாவின் தங்கை. அங்கே வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அம்மா கடலூரில் அதே வேலையைத் தொடங்கி, முதல் ஆர்டரும் வாங்கியிருந்தாள். அடுத்த தெருக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கேக். அது சொதப்பினால் அப்புறம் ஒருவரும் நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு தாள் சுருளோடு வந்து இறங்கினால் சந்தேகம் வராதா? எட்டு வயதில் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

"கேக் தட்டுல போட இத கொண்டாந்தேன் அண்ணி."

"அந்த ஃபிரிட்ஜ் மேல வெய்யி. எங்கிட்டயே இருக்குது" என்றாள் அம்மா. அவளிடம் இருந்தது அல்வா மடித்துக் கொடுக்கிற வழவழப்பான தாள். தட்டுகளில் அதைப் போட்டு வைத்துவிட்டு முட்டை வாங்கப் போனாள்.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அத்தை அம்மாவின் தாளை நகத்தால் சுரண்டினாள்; நகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தன் சுருளிலிருந்து வட்டமாக வெட்டிப் போட்டாள். அம்மா வந்ததும் விடுவேனா, ஒன்றுவிடாமல் வத்தி வைத்தேன். அத்தை குளிக்கப் போன சமயம், அம்மா தன் தாளையே மறுபடி போட்டு மாவை ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் ஓவனிலிருந்து புகை வந்தது. நகத்தில் வந்தது மெழுகு என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்று மெழுகுவர்த்தி அணைத்த வாடைதான் தெரிந்தது. கேக்கின் அடிப்பக்கம் தாளோடு பிய்ந்துகொண்டு வந்தது. அப்பா ஓடி வந்தார். "எந்தத் தாளப் போட்டீங்க?"

அத்தை கருகிய தாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நான் கொண்டாந்ததுதாண்ணே. கடக்காரன் ஏமாத்திட்டான் போல."

அப்படியானால் எங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மறுபடியும் மாற்றியிருக்கிறாள்! எனக்கு ஒரே பெருமை. அம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த சுருளை எடுத்து அத்தையிடமே நீட்டினாள். அடுத்த கேக் தட்டைக் கவிழ்த்ததும் முழுசாக விழுந்தது. நேரத்துக்கு ஞானஸ்நான வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

எப்போதும் அடுப்படியிலிருந்தே "சரி, போயிட்டு வா" என்கிற அம்மா, அன்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். தப்பித்துவிடாமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, நான் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.