பைப்பு வந்தது, தூக்கம் போனது

என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று எங்கள் தீவின் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய்யில்லை. சிகரெட்டை விட்டார், பைப்பைப் பிடித்துக்கொண்டார். கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு லீவில் போனபோது சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணன் வாங்கிக் கொடுத்தாராம். "புகையை உள்ளே இழுக்கிறதே இல்லடி, வாயில வெச்சு வெளிய விட்டுர்றதுதான். நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது" என்று எனக்கே பாடம் எடுத்தார். நல்ல அண்ணன், நல்ல தம்பி!

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். லுங்கியும் பனியனுமாக வாசற்படியில் உட்கார்ந்து, பைப்பைக் கடித்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டுக் கப்பலைப் பார்ப்பார். பார்க்கிற எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். வாசனை மட்டும் குறை சொல்ல முடியாது. செர்ரிப்பழ வாசனை போட்ட புகையிலை அது. எதிர்வீட்டு வங்காளி அம்மா ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, "பாபி, ஆஜ் கீர் பனாயா க்யா?" என்று கேட்டாள். பாயசமா வைக்கிறாய் என்று கேட்கிறாள், பாவம். பாயசமில்லை, என் வயிறுதான் எரிகிறது என்று சொல்ல ஆசை. அதற்கு என் இந்தி போதாது. சும்மா சிரித்துவைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பைப்பு போடுவார். "இதைப் போட்டாத்தான் கண்ணு சொக்குது" என்பார். சொக்கத்தான் செய்யும். படுத்த உடனே கண்ணை மூடுவார். நான் அடுப்படியைக் கழுவிவிட்டு வந்து படுக்கிறபோது புரள ஆரம்பிப்பார். அப்புறம் எழுந்து உட்காருவார், ஃபேனைக் கூட்டுவார், குறைப்பார், தண்ணீர் குடிப்பார். விடியும்போதே வாசற்படியில் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கும். ஏன் இப்படி எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சூரியனைக் காட்டுவார். எங்கள் தீவில் மெயின்லேண்டுக்கு முன்னாலேயே விடிந்துவிடும். சென்னையில் ஆள் புரண்டு படுக்கிற நேரத்தில் இங்கே வெயில் கண்ணைக் குத்தும். அது இவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"இந்த ஊர்ல சூரியனுக்கே தூக்கம் வரல, எனக்கு மட்டும் எப்படி வரும்?"

"எனக்கு வருதே! எனக்கென்ன வேற சூரியனா?" என்றேன்.

கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மலையாளி டாக்டரம்மா, சின்ன வயசு. தூக்கம் வரவில்லை என்று இவர் சொன்னார். பைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நிகோட்டின் தூக்க மருந்து இல்ல, அங்கிள். அது உடம்பை முழிக்க வெக்கிற பொருள். நெஞ்சு வேகமா அடிக்கும். அது வேணும்னு உடம்பு கெடந்து தவிச்சிருக்கும், கெடைச்சதும் அடங்கும். அந்த நிம்மதியைத்தான் நீங்க தூக்கம்னு நினைக்கிறீங்க. ராத்திரி அது ரத்தத்துல குறைஞ்சதும் உடம்பு மறுபடியும் எழுப்பிக் கேக்கும்."

"நான் உள்ள இழுக்கிறதில்லையே, டாக்டர்."

"வாய் வழியாவே ஏறும்."

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "சரி, இருக்கிறதை முடிச்சிட்டு விட்டுடறேன்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருக்கிறது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது அல்லவா!

இந்தத் தீவில் இருக்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு என்று முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடுவோம். மெயின்லேண்டுக்கு யார் போனாலும் அவர் பெட்டியில் பாதி அக்கம்பக்கத்தார் சாமான்தான் திரும்பி வரும். என் வீட்டுக்காரர் அதே புத்தியைப் புகையிலையில் காட்டியிருக்கிறார். லீவில் போன ஒவ்வொருவனிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பரணில் பழைய சூட்கேசைத் திறந்தேன், குப்பென்று செர்ரி வாசனை. உள்ளே பொட்டலம் பொட்டலமாக அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு மழைக்காலம் மொத்தத்துக்கும் கையிருப்பு!

அதுவாவது ஒழுங்காக இருந்ததா? எங்கள் ஊர் ஈரத்தில் தோல்செருப்பே பூத்துவிடும், புகையிலை எந்த மூலைக்கு? பொட்டலத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார் போல, பிரித்ததிலெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் எட்டிப் பார்த்தது. தூக்கிப் போடுங்கள் என்றேன். "கப்பல்ல வந்த சாமானடி!" என்று பதறினார். கடல் தாண்டி வந்த பொருளைக் குப்பையில் கொட்ட இந்த ஊரில் யாருக்கும் கை வராது. வெயில் எட்டிப் பார்த்த ஒருநாள் மொட்டைமாடியில் என் முறத்தில் புகையிலையைப் பரப்பினார். பக்கத்து முறத்தில் என் வத்தல். அன்றைக்குப் பொரித்த வத்தலை நாக்கில் வைக்க முடியவில்லை.

மிச்சமெல்லாம் கெட்டுப்போவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் பிடித்தார். டூட்டிக்குப் போகும் முன், வந்த பின், டீக்கு முன், டீக்குப் பின். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். தட்டில் குழம்பு ஊற்றினால் திடுக்கிட்டு நிமிர்வார். முதலில் அதையும் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு சாயங்காலம் சிக்னல்மேன் தம்பி வந்தார். அடுத்த பிளாக்கில் இருக்கிறார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அவர் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். என் வீட்டுக்காரர் மேலே கேபினில் இருந்தால் அவர் கீழே கொக்கிக்குப் பக்கத்தில் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவார். பல வருஷமாக இந்த ஜோடிதான். அன்றைக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, அண்ணன் கடைக்குப் போனதைப் பாத்துட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு சிமெண்டு மூட்டை எங்க தலைக்கு மேல தொங்குது. நிறுத்துன்னு கை காட்டுறேன், நிறுத்தல. விசில் ஊதுறேன், கேக்கல. எல்லாரும் விழுந்தடிச்சு ஓடினோம். அப்புறம்தான் நிறுத்தினாரு. யாருக்கும் ஒண்ணுமில்ல, அண்ணி. ஆனா அண்ணன் தூங்கிட்டாரு."

இந்தத் தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். காலையில் அதுகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு டூட்டிக்கு வருகிற மனுஷன்.

இவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். குவார்ட்டர்ஸே கேட்கிற மாதிரி கத்தினேன். "கண்ணைச் சிமிட்டினேன், அவ்வளவுதான். அவன் ஒண்ணுக்கு ஒம்பதாச் சொல்றான்" என்று சாதித்தார். அப்படியும் பைப்பை எடுத்தார், பாருங்கள்! அந்தக் கையை ஒடித்துவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் சிக்னல்மேன் தம்பி டூட்டிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல்காரருக்கென்று ஒரு பிரெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பிரெட் கையிலேயே இருந்தது.

"என்னாச்சு?"

"காஸ் சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறிட்டிருக்கான். என்னைப் பாத்ததும் இருமுறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. பிரெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடி. எனக்குக் கீழ நிக்கப் பயப்படறான்."

அவர் கண் கலங்கி அப்போதுதான் பார்த்தேன். திட்ட வாயெடுத்தவள் பிரெட்டைப் பிரித்து, டீ போட்டேன். இரண்டு பேரும் தொட்டுச் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் அவராகவே ஃபோர்மேனிடம் போய், உடம்பு சரியாகும்வரை கிரேன் வேண்டாம், கீழே ஷெட்டில் வேலை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டதும் சிக்னல்மேன் தம்பியின் காய்ச்சலும் இறங்கிவிட்டது. சூட்கேசில் மிச்சமிருந்த புகையிலையை நான் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்திக்குத் தெளித்தேன். கப்பலில் வந்த சாமான் வீணாகவில்லை, பூச்சியும் செத்தது. பைப்பை டாக்டரம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தார். அவள் அதை இரண்டு விரலால் வாங்கிய அழகைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்தை என்ன சொல்ல! குக்கர் விசில் அடித்தால் குக்கரோடு சண்டை. ஃபேன் சுற்றினால் ஃபேனோடு சண்டை. தூக்கம் வந்தால் கனவு. வந்த கனவும் லேசில் இல்லை, எங்கள் பிளாக்கையே கிரேனில் மாட்டித் தூக்குகிறாராம், நான் ஜன்னலில் நின்றுகொண்டு குழம்பு கொட்டிவிடும் என்று கத்துகிறேனாம். விடுகிற ஆளுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் நானும் பொறுத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உண்மையாகவே.

மழை விட்ட சமயம் டாக்டரம்மா சரி என்றாள், ஃபோர்மேனும் திங்கள்கிழமை கிரேனில் ஏறச் சொன்னார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில், வெயில் நேரே முகத்தில் அடிக்க, ஹாலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தது. இவரிடம் ஓர் அசைவு இல்லை.

வாசலில் சிக்னல்மேன் தம்பி. "அண்ணன் இருக்காரா, அண்ணி?" என்றார். உள்ளே கை காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இவர் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எழுப்பட்டுமா தம்பி?"

"ஐயோ, எழுப்பிடாதீங்க அண்ணி. நல்லாத் தூங்கட்டும். நாளைக்கு நான்தான் கீழ நிக்கிறேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.